கர்ப்பத்தில் வெள்ளைப்படுதலும் அரிப்பும்: கைவைத்தியமா, மெடிக்கல் மாத்திரையா, சுகாதார நிலையமா, தனியார் டாக்டரா?

கர்ப்பமாக இருக்கும்போது வெள்ளைப்பட ஆரம்பித்தால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அம்மா "உடம்பு சூடு, இளநீர் குடி" என்பார். நாத்தனார் தனக்குக் கேட்ட மாத்திரையின் அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கணவர் "டாக்டரையே பார்த்துடலாமே" என்று சொல்லிவிட்டு, எந்த டாக்டர், எப்போது, யார் கூட வருவது என்பதையெல்லாம் உங்கள் தலையிலேயே விட்டுவிடுவார். இதற்கு நடுவில் அரிப்போடு உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போகணுமா, போறதுன்னா எங்கே போறது?

நம் ஊரில் கண்ணுக்குத் தெரியும் வழிகள் ஐந்து. வீட்டிலேயே சமாளிப்பது, மெடிக்கலில் கேட்டு வாங்குவது, போனில் டாக்டரிடம் பேசுவது, ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை, அப்புறம் தனியார் மகப்பேறு டாக்டர். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மருந்துக்கு முன்னால் ஒருவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அது நடக்கிற இடங்களிலேயே உங்களுக்கு எது பக்கமோ, எது மலிவோ, அங்கே போங்கள்.

## இந்தப் பட்டிமன்றமே வேண்டாத நேரங்கள்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். ராத்திரி 2 மணியாக இருந்தாலும்.

- வெள்ளையாக இல்லாமல் தண்ணீர்போல ஒழுகுகிறது, உள்ளாடை நனைகிறது, நாப்கின் வைத்தாலும் திரும்ப நனைகிறது. பனிக்குட நீராக இருக்கலாம்.
- ரத்தம் கலந்து வருகிறது.
- காய்ச்சல், குளிர் நடுக்கம், தொட்டால் அடிவயிற்றில் வலி.
- 37 வாரத்துக்கு முன்பே வயிறு விட்டுவிட்டு இறுகுகிறது.
- குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது.

தண்ணீர் ஒழுகிக் காய்ச்சலும் வந்து, வருகிற நீர் நாறினால், அது கருப்பைக்குள் பனிக்குடச் சவ்வு வரைக்கும் தொற்று ஏறியதாக இருக்கலாம். அந்த நிலையில் அம்மாவின் நாடித்துடிப்பும் ஏறும், குழந்தையின் இதயத்துடிப்பும் நிமிடத்துக்கு 160-க்கு மேல் போகும். ஊசி வழி ஆன்டிபயாடிக் வேண்டும், பெரும்பாலும் பிரசவத்தையும் தாமதிக்காமல் முடிக்க வேண்டியிருக்கும். 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம், பிரசவ வலி வந்தால்தான் வண்டி வரும் என்றில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

மேலே சொன்னது எதுவும் இல்லை, வெள்ளைப்படுதல், அரிப்பு, நாற்றம், எரிச்சல் இவைதான் தொல்லை என்றால், தேர்ந்தெடுக்க நேரம் இருக்கிறது. நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்: இது என்ன என்று அங்கே கண்டுபிடிப்பார்களா, கொடுக்கும் மருந்து கர்ப்பத்துக்கு ஏற்றதா, எவ்வளவு நாள் வீணாகும், பணத்தைத் தாண்டி என்ன செலவு.

முதலாவதற்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், "வெள்ளைப்படுது" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, நோயே இல்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் எல்லோருக்குமே வெள்ளை கூடும். நீர்த்த பால்போல இருக்கும், பெரிதாக நாற்றம் இருக்காது, அரிக்காது. மாதம் ஏற ஏற இன்னும் கூடும்.

இரண்டு, கேண்டிடா என்ற பூஞ்சை. தயிர்க்கட்டி மாதிரி திப்பித்திப்பியாக வரும், தூக்கம் கெடும் அளவுக்கு அரிப்பு, சிவந்துபோய் எரியும். நாற்றம் அதிகம் இருக்காது. கர்ப்பிணிகளுக்கு இது சாதாரணமாக வரும், சர்க்கரை இருந்தால் திரும்பத் திரும்ப வரும். பாடாய்ப் படுத்துமே தவிரப் பொதுவாகக் குழந்தைக்கு ஆபத்தானதாகக் கருதப்படுவதில்லை.

மூன்று, பாக்டீரியல் வஜைனோசிஸ். டாக்டர்கள் பி.வி. என்பார்கள். பிறப்புறுப்பில் எப்போதும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவான லாக்டோபேசிலஸ் குறைந்து, வேறு கிருமிகள் பெருகிவிடும். சாம்பல் கலந்த வெள்ளையாக மெல்லிசாக வரும், மீன் கவிச்சி அடிக்கும், தாம்பத்தியத்துக்குப் பிறகு கவிச்சி இன்னும் தூக்கலாகத் தெரியும். அரிப்பு குறைவு. குறைப்பிரசவத்தோடும் பனிக்குடம் முன்கூட்டியே உடைவதோடும் தொடர்புள்ளதாகப் பல ஆய்வுகள் பார்த்திருப்பது இதைத்தான். கிருமிகள் மேலே ஏறி அழற்சியைத் தூண்டினால், பிரசவ வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின்கள் நேரத்துக்கு முன்பே சுரக்கும், சவ்வு பலவீனப்படும்.

நான்கு, ட்ரைக்கோமோனாஸ். மஞ்சளும் பச்சையும் கலந்து நுரைத்து வரும், எரியும், நாறும். இது உடலுறவு வழியாகப் பரவுவது, கணவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காவிட்டால் திரும்ப வரும்.

படிக்கும்போது சுலபமாக இருக்கிறது இல்லையா? பாத்ரூமில் நின்று பார்க்கும்போது அப்படி இருக்காது. இரண்டு சேர்ந்து வரலாம், பாதிப் பேருக்குப் பாடத்தில் உள்ளபடி வராது. அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், தனக்குப் பூஞ்சைதான் என்று முடிவு கட்டிக் கடையில் மருந்து வாங்கிய பெண்களைப் பரிசோதித்தார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குத்தான் உண்மையில் பூஞ்சை மட்டும் இருந்தது. அவர்களில் பலருக்கு ஏற்கெனவே இதே தொல்லை வந்து போன அனுபவமும் இருந்தது.

## 1. வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

அரிப்பு, நாற்றம், நிற மாற்றம் எதுவும் இல்லை, வெள்ளை மட்டும் கூடியிருக்கிறது என்றால் இதுதான் சரியான வழி. பருத்தி உள்ளாடை, நனைந்தால் மாற்றுவது, வெறும் தண்ணீரில் வெளிப்புறம் மட்டும் கழுவுவது, முன்னாலிருந்து பின்னால் துடைப்பது. அவ்வளவுதான், இதற்கு மேல் செய்தால் பெரும்பாலும் கெடுதல்தான் நடக்கிறது. அடுத்த செக்கப்பில் மறக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இளநீர், மோர், பார்லித் தண்ணீர், ஊறவைத்த வெந்தயம் எல்லாம் குடித்துவிட்டுப் போங்கள், அதில் சண்டை இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் இளநீரையும் பழச்சாற்றையும் கணக்குப் பார்த்துக் குடிக்க வேண்டும். ஆனால் இவை எதுவும் பூஞ்சையையோ பி.வி.யையோ போக்காது. "சூடு குறைஞ்சா சரியாயிடும்" என்று நாள் தள்ளுவதுதான் இந்த வழியின் மறைமுகச் செலவு. இரண்டு மூன்று நாளில் அடங்காத அரிப்பு இளநீருக்கு அடங்கப் போவதில்லை.

பெரிய தொல்லை கழுவுவதில்தான் வருகிறது. வேப்பிலைத் தண்ணீர், படிகாரத் தண்ணீர், டெட்டால் கலந்த வெந்நீர், வாசனை போட்ட இன்டிமேட் வாஷ் என்று உள்ளே வரைக்கும் கழுவுகிறார்கள். பிறப்புறுப்பு தன்னை அமிலமாக வைத்துக்கொண்டுதான் கிருமிகளை அண்டவிடாமல் செய்கிறது, அங்கே பி.எச். அளவு வழக்கமாக 4.5-க்குக் கீழே இருக்கும். உள்ளே பீய்ச்சிக் கழுவினால் அந்த நல்ல பாக்டீரியாவும் போய்விடும், பி.வி. வருவதற்கு நாமே கதவைத் திறந்துவிட்டது போலத்தான். ஏற்கெனவே புண்ணாக இருக்கும் தோலில் டெட்டால் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பூண்டுப் பல், தயிர், கற்றாழைத் துண்டு என்று உள்ளே எதையும் வைக்கவும் வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் "வெள்ளைக்கு" என்று கொடுக்கும் லேகியத்தையும் சூரணத்தையும் கர்ப்பத்தில் கேள்வி கேட்காமல் சாப்பிடாதீர்கள், கேட்பதாக இருந்தால் சித்த மருத்துவம் படித்த டாக்டரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் இல்லை.

## 2. மெடிக்கலில் கேட்டு வாங்குவது

பலரும் போகும் வழி இது, ஏன் என்பதும் புரிகிறது. அரை நாள் லீவு வேண்டாம், துணி விலக்கிக் காட்ட வேண்டாம், நூறு இருநூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் நம் ஊர் மெடிக்கலில் இதற்குப் பொதுவாக என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலாவது, பூஞ்சைக்கு "ஒரே மாத்திரை" என்று கொடுக்கும் ஃப்ளூகோனசோல் 150 மி.கி. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு நல்ல மருந்து, சல்லிசான விலை. கர்ப்பிணி இதை டாக்டர் சொல்லாமல் விழுங்கக் கூடாது. டென்மார்க்கில் லட்சக்கணக்கான கர்ப்பங்களின் பதிவேடுகளை வைத்துச் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், இதை வாய்வழியாக எடுத்தவர்களுக்குக் கருச்சிதைவு அதிகமாக இருந்தது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் நாள் கணக்கில் பெரிய அளவு எடுத்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைகள் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. தெரியாமல் ஒரு மாத்திரை போட்டுவிட்டீர்கள் என்றால் அதற்காகப் பதறிக் கர்ப்பத்தையே கலைக்க நினைக்க வேண்டாம், அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் போய்விடும். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இன்னொன்று போடாதீர்கள்.

இரண்டாவது, உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல். கர்ப்பத்தில் பூஞ்சைக்கு ஏற்ற மருந்து இதுதான். பிரச்சினை நாள் கணக்கில். கடையில் 1 நாள் மாத்திரை, 3 நாள் மாத்திரை, 6 நாள் மாத்திரை என்று பல விதமாக இருக்கும், அமெரிக்க வழிகாட்டுதல் கர்ப்பிணிகளுக்குச் சொல்வது 7 நாள் வைப்பதை. இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும், அத்தோடு நிறுத்திவிடுவார்கள், பத்து நாளில் திரும்ப வரும். கூடவே வரும் பிளாஸ்டிக் குழலை அழுத்தி உள்ளே தள்ள வேண்டாம், கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு விரலால் வைத்தாலே போதும்.

மூன்றாவதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்புவது. க்ளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் க்ளோட்ரிமசோலும் சேர்ந்த, உள்ளே வைக்கும் கேப்ஸ்யூல், சிலவற்றில் டினிடசோலும் சேர்ந்திருக்கும். பூஞ்சையோ பாக்டீரியாவோ, எதுவாக இருந்தாலும் அடித்துவிடட்டும் என்ற கணக்கு. வேலை செய்தது போலவும் இருக்கும். ஆனால் எது இருந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, அடுத்து பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. பூஞ்சை மட்டும் இருந்தவருக்குத் தேவையில்லாத ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவையும் அழித்துவிடும். டினிடசோல் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் ஒன்று.

நான்காவது, அரிப்புக்கு வெளியே தடவும் கலவைக் களிம்புகள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒரே ட்யூபில். ஸ்டீராய்டு அரிப்பை உடனே அமுக்கும், பூஞ்சையை உள்ளுக்குள் வளரவிடும், தோலை மெலிய வைக்கும். தோல் டாக்டர்கள் வருஷக் கணக்காக இதைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் எந்தக் கடையிலும் கேட்டால் கிடைக்கிறது.

சட்டப்படி ஃப்ளூகோனசோலும், பி.வி.க்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. விற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிலும் கணவரோ தம்பியோ போய் "அரிப்புக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டால் கர்ப்பம் என்ற விஷயமே கடைக்காரர் காதுக்குப் போகாது.

அப்படியானால் மெடிக்கல் வேண்டவே வேண்டாமா? ஓர் இடத்தில் சரி. இதே கர்ப்பத்தில் டாக்டர் ஏற்கெனவே பார்த்துப் பூஞ்சை என்று உறுதி செய்து க்ளோட்ரிமசோல் எழுதிக் கொடுத்திருக்கிறார், கேட்டது, இப்போது அதே மாதிரி திரும்ப வந்திருக்கிறது, டாக்டருக்கும் போனில் சொல்லிவிட்டீர்கள். அப்போது பழைய சீட்டோடு போய் அதே மருந்தை வாங்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் மருந்தைவிடச் சர்க்கரைப் பரிசோதனைதான் முதலில். நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள், 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு.

## 3. போனில் டாக்டர்

அரசின் இ-சஞ்சீவனி இலவசம், தனியார் ஆப்களும் நிறைய. எங்கே போவது, இன்றே போக வேண்டுமா, இந்த மாத்திரை போடலாமா என்று கேட்க இது அருமையான வழி. முகம் தெரியாத ஒருவரிடம் பேசுவது சிலருக்கு நேரில் பேசுவதைவிடச் சுலபமாகவும் இருக்கிறது. ஆனால் போனில் பிறப்புறுப்பைப் பரிசோதிக்க முடியாது, கவிச்சியை முகரவும் முடியாது. ஆகவே வருகிற சீட்டும் ஊகம்தான், என்ன, மெடிக்கல்காரரின் ஊகத்தைவிடப் படித்தவரின் ஊகம். முதல் முறை வந்தவர்கள் இதோடு நிறுத்திவிட வேண்டாம். படம் எடுத்து அனுப்பச் சொன்னால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

## 4. ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை

பணம் இல்லாதவர்கள் போகும் இடம் என்று இதை ஒதுக்குபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. உங்கள் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்), ரத்தப் பரிசோதனைகள், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் ஏற்கெனவே பதிவாகி இருக்கின்றன. பிறப்புறுப்புத் தொற்றில் குழந்தைக்கு மிகப் பெரிய கெடுதல் செய்யக்கூடியவற்றில் ஒன்றான சிபிலிஸுக்கு வெள்ளையோ அரிப்போ இருக்காது, வலியில்லாத புண்ணோடு வந்து மறைந்துவிடும், ரத்தத்தில் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பரிசோதனையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் அரசு நிலையங்களில் இலவசம். சிபிலிஸ் இருந்தால் பென்சிலின் ஊசி, நேரத்தோடு போட்டால் குழந்தையைக் காப்பாற்றிவிடும்.

அரசு நிலையங்களில் பெரும்பாலும் அறிகுறியை வைத்து மருந்து கொடுக்கும் முறைதான். அதற்கென்று நிறம் நிறமாக மருந்துப் பொட்டலங்கள் உண்டு, வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. பச்சைப் பொட்டலத்தில் இருப்பது செக்னிடசோலும் நாம் மேலே பார்த்த அதே ஃப்ளூகோனசோலும். கர்ப்பிணிக்கு அதை அப்படியே கொடுக்கக் கூடாது, பூஞ்சைக்கு உள்ளே வைக்கும் மருந்துதான் கொடுக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. வயிறு தெரியும் மாதத்தில் இது பிரச்சினை ஆகாது. இரண்டு மூன்று மாதம் என்றால், புறநோயாளிக் கூட்டத்தில் நர்ஸ் கவனிக்காமல் போகலாம். உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக "நான் இத்தனை வாரம் மாசமா இருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள்.

செலவு என்ன? பணம் இல்லை, ஆனால் காலை போனால் மதியம் ஆகும், தினக்கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் போச்சு. சில இடங்களில் திரைச்சீலைகூட ஒழுங்காக இருக்காது, பக்கத்தில் நாலு பேர் நிற்கும்போது "எங்கே அரிக்குது?" என்று சத்தமாகக் கேட்பார்கள். இதனாலேயே பலர் "லேசா வெள்ளைப்படுது" என்று பாதி சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். "தனியாகப் பேசணும்" என்று கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கிராமத்தில் உங்கள் பகுதி செவிலியர் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவரே பெண் டாக்டர் இருக்கும் நாளையும் நேரத்தையும் சொல்லிவிடுவார். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் கர்ப்பிணிகளுக்கான சிறப்புச் செக்கப் உண்டு, நான்காம் மாதத்துக்குப் பிறகு அந்த நாளைக் குறிவைத்துப் போவது நல்லது.

சிறிய நிலையத்தில் ஆய்வக வசதி இல்லாமல் இருக்கலாம். ஒரு முறை மருந்து எடுத்தும் கேட்கவில்லை என்றால் அடுத்த பொட்டலம் வாங்காமல் மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பச் சொல்லுங்கள். சென்னையில் என்றால் எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையோ திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியோ. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஆளும் வசதியும் அங்கே இருக்கும்.

## 5. தனியார் மகப்பேறு டாக்டர், லேப்

ஒழுங்காகப் பார்க்கும் டாக்டர் என்றால் வேலை பத்து நிமிஷம்தான். கருவி வைத்துப் பார்ப்பார், பி.எச். தாளில் தொட்டுப் பார்ப்பார், ஒரு துளியை மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்புவார். பி.வி.யை உறுதி செய்ய 1983-லிருந்து புழக்கத்தில் இருக்கும் நான்கு அடையாளங்களில் மூன்று போதும்: ஒரே சீராக மெல்லிசாக வரும் திரவம், 4.5-க்கு மேல் பி.எச்., பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு விட்டதும் கிளம்பும் கவிச்சி, பாக்டீரியா அப்பிய செல்கள். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கர்ப்பத்தில் கருவி வைத்துப் பார்த்தால் கலைந்துவிடும் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அப்படி ஆகாது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால் மட்டும் பரிசோதனைக்கு முன்பே டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

பி.வி. என்றோ ட்ரைக்கோமோனாஸ் என்றோ வந்தால் வழக்கமாக எழுதுவது மெட்ரோனிடசோல், 500 மி.கி., தினம் 2 வேளை, 7 நாள். நாக்கில் இரும்புச் சுவை தட்டும், குமட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தாங்கும். கர்ப்பத்தில் இதைப் போடலாமா என்று கூகுளில் தேடிப் பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம். பல ஆய்வுகளில் பிறவிக் குறையோடு இதற்குத் தொடர்பு தெரியவில்லை.

இந்த வழியின் மறைமுகச் செலவு அளவுக்கு மீறிய பரிசோதனை. அரிப்பே இல்லாதவருக்கும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் மாதிரி) எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினால் ஏதாவது ஒன்று வளரத்தான் செய்யும். எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களிலேயே 10 முதல் 20 சதவீதம் பேரிடம் கேண்டிடா இருக்கும், அதற்கு மருந்து தேவையில்லை. ரிப்போர்ட்டில் பெயரும் சிவப்பு எழுத்தும் பார்த்ததும் நமக்குத் தூக்கம் போய்விடும், அப்புறம் ஆன்டிபயாடிக், அதனால் பூஞ்சை, அதற்கு ஒரு மருந்து. "குறைப்பிரசவம் ஆகிடும், அதனால் தொல்லை இல்லாட்டியும் பி.வி.க்குப் பார்த்து மருந்து எடுத்துடுங்க" என்று சொன்னால் காரணம் கேளுங்கள். பிரான்சில் ஆபத்துக் காரணிகள் இல்லாத கர்ப்பிணிகளிடம் பி.வி.யைத் தேடிப்பிடித்து க்ளிண்டாமைசின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது, தாமதக் கருச்சிதைவோ மிக முன்கூட்டிய பிரசவமோ அதனால் குறையவில்லை. தொல்லை இருப்பவருக்கு வைத்தியம் கட்டாயம் வேண்டும், அது வேறு கதை.

36, 37 வாரத்தில் சில டாக்டர்கள் இன்னொரு ஸ்வாப் எடுப்பார்கள், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்காக. அது வெள்ளைப்படுதலுக்கான பரிசோதனை இல்லை. அந்தக் கிருமி அம்மாவை ஒன்றும் செய்யாமல் குடியிருக்கும், பிரசவத்தில் குழந்தைக்குப் போனால் ரத்தத் தொற்று வரலாம். இருந்தால் பிரசவ வலியின்போது நரம்பு வழியாகப் பென்சிலின் ஏற்றுவார்கள், அதற்கு முன்பே மாத்திரை சாப்பிட்டுப் பயனில்லை. அமெரிக்காவில் எல்லோருக்கும் எடுக்கிறார்கள், இங்கிலாந்தில் அப்படி இல்லை. உங்கள் டாக்டர் எடுக்கவில்லை என்றால் அலட்சியம் என்று அர்த்தமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | என்ன என்று கண்டுபிடிப்பார்களா | பணம் தவிர்த்த செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| வீடு | இல்லை | நாள் தள்ளுவது, கழுவிக் கெடுப்பது | வெள்ளை மட்டும், வேறு தொல்லை இல்லை |
| மெடிக்கல் | இல்லை | தவறான மருந்து, மறைந்துபோகும் அறிகுறி | டாக்டர் உறுதி செய்த பூஞ்சை திரும்பும்போது, பழைய சீட்டோடு |
| போன் | ஊகம் மட்டும் | பார்த்தாச்சு என்ற பொய் நிம்மதி | எங்கே, எப்போது போவது என்று கேட்க |
| அரசு நிலையம் | பார்ப்பார்கள், ஆய்வகம் இடத்தைப் பொறுத்து | அரை நாள், கூச்சம் | முதல் முறை தொல்லை, மற்ற பரிசோதனைகளும் பாக்கி |
| தனியார் | பெரும்பாலும் ஆம் | தேவையில்லாத கல்ச்சர், பயம் | மருந்துக்குக் கேட்காதது, ஆபத்துள்ள கர்ப்பம் |

## யார் எதைத் தேர்ந்தெடுப்பது

முதல் குழந்தை, எல்லாம் சாதாரணமாகப் போகிறது, இப்போதுதான் அரிப்பு ஆரம்பித்திருக்கிறது என்றால் நான் சுகாதார நிலையத்தைத்தான் சொல்வேன். இரண்டு மூன்று நாளுக்குள் போக முடியாவிட்டால் பக்கத்திலிருக்கும் பெண் டாக்டரின் கிளினிக், கன்சல்டிங் ஃபீஸ் மட்டும் கொடுத்து, முதல் தடவையே பெரிய டெஸ்டுகளுக்குள் போகாமல்.

முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், நான்கைந்து மாதத்தில் கரு கலைந்தவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டிருப்பவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் இந்தப் பட்டியலின் முதல் மூன்று வழிகளையும் விட்டுவிடுங்கள். நாற்றமோ நிற மாற்றமோ தெரிந்த அன்றே, பிரசவம் பார்க்கப் போகும் டாக்டரிடமே போக வேண்டும், அது அரசு மருத்துவமனையானாலும் சரி, தனியாரானாலும் சரி.

சிறுநீர் போகும்போது எரிகிறது, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது என்றால் பிரச்சினை இங்கே இல்லாமல் சிறுநீர்ப் பையில் இருக்கலாம். அதற்குச் சிறுநீர் கல்ச்சர் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் சிறுநீரில் கிருமி இருந்தால் தொல்லையே இல்லாவிட்டாலும் மருந்து எடுக்க வேண்டும், விட்டால் சிறுநீரகம் வரைக்கும் ஏறும்.

எங்கே போவதானாலும் போகும் அன்று காலையில் சோப்பு போட்டு உள்ளே கழுவிவிட்டுப் போகாதீர்கள், முந்தின ராத்திரி மருந்து எதுவும் வைக்காதீர்கள், பார்ப்பதற்கே ஒன்றும் இருக்காது. எத்தனை வாரம், எப்போது ஆரம்பித்தது, என்ன நிறம், ஏற்கெனவே என்ன மருந்து போட்டீர்கள் என்பதைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், அட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால் நாத்தனார் அனுப்பிய படமாவது இருக்கும், அதைக் காட்டலாம்.

கணவர் விஷயம் பாக்கி. பூஞ்சைக்கு அவருக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை, அவருக்கும் அரித்தால் காட்டச் சொல்லுங்கள். ட்ரைக்கோமோனாஸோ சிபிலிஸோ வந்தால் அவருக்கும் கட்டாயம் வைத்தியம், இருவரும் முடிக்கும் வரைக்கும் சேரக் கூடாது. உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோலும் க்ளிண்டாமைசின் க்ரீமும் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதால் அந்த நாட்களில் அதை நம்ப முடியாது. இதையெல்லாம் அவரிடம் நீங்கள் எடுத்துச் சொல்வது சங்கடமாக இருந்தால் அடுத்த தடவை அவரையே உள்ளே கூட்டிப்போய் டாக்டரை விட்டுச் சொல்ல வையுங்கள், பல வீடுகளில் டாக்டர் சொன்னால்தான் காதில் ஏறுகிறது.